இரண்டாவது சிடி முதலில்

என் அப்பா படம் பார்க்க உட்கார்ந்தால் முதலில் கேட்பது, "கடைசில என்னா ஆகுது?" என்பதுதான். கதாநாயகன் பிழைப்பானா, தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்குமா, வில்லன் கம்பி எண்ணுவானா என்பதெல்லாம் தெரியாமல் அவரால் ஒரு பாட்டைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியாது. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அத்தனை உயரத்தில், கடல் காற்று ஆட்டுகிற கூண்டுக்குள் உட்கார்ந்து கண்டெய்னர்களைத் தூக்கி இறக்கியவர். அப்படிப்பட்டவர், திரையில் ஒரு பெண் அழுதுகொண்டே கிணற்றுப் பக்கம் நடந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். "என்னா ஆச்சு, குதிச்சிட்டாளா?" என்று அங்கிருந்தே கேட்பார். "இல்ல, தண்ணி எடுக்கத்தான் போனா, வாங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் திரும்பி வருவார்.

அம்மா இறந்த பிறகு அப்பா படம் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்மாவைப் பற்றி அவர் பேசிய விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பேச்சு மருத்துவமனையில் ஆரம்பித்து மருத்துவமனையிலேயே முடியும். எந்த வார்டு, எந்த டாக்டர், கடைசியாக எத்தனை வாய் கஞ்சி குடித்தாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவ்வளவு காலம் கூடவே வாழ்ந்தவள் ஒரு கட்டிலும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலுமாகச் சுருங்கிப்போனாள். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என் அம்மா அப்படி அடங்கிக் கிடந்த பெண் இல்லை. அவள் சிரித்தால் கீழ் மாடியில் நாய் குரைக்கும். அந்த அம்மாவை அப்பாவின் வாயிலிருந்து எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. அதற்கு நான் நம்பியது ஒரு பழைய படத்தை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் படம் பார்த்த விதம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்தபோது நாங்கள் மாசாயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். விசிடி வந்த புதிது. ஒரு படம் ஒரு சிடியில் அடங்காது, இரண்டாகத்தான் வரும். கீழே இருந்த வாடகைக் கடையில் புதுப் படம் வந்தால் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அதற்கு மாசாயே காத்துக் கிடக்கும். சனிக்கிழமை மதியம் எடுத்தால் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. சனிக்கிழமை இரவு ஷிஃப்ட்டுக்கு ஃபேக்டரி பஸ் வருவதற்குள் அவரும் படம் பார்த்தாக வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வாடகைப் படம், ஆனால் இரண்டு பிளேயர். எனவே அக்காவும் அம்மாவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே நேரத்தில் அவர்கள் வீட்டில் ஒரு சிடி ஓடும், எங்கள் வீட்டில் இன்னொரு சிடி ஓடும். முடிந்ததும் நடைபாதையில் வைத்து மாற்றிக்கொள்வோம்.

யாருக்கு எது என்பதில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அக்காவின் கணவர் லாரி ஓட்டுநர். எதையும் ஆதியிலிருந்து பார்க்க வேண்டும் அவருக்கு; செய்தி பாதியில் ஓடிக்கொண்டிருந்தால்கூடப் பார்க்க மாட்டார். எங்கள் அப்பாவுக்கோ முடிவு முதலில் வேண்டும். பூ விற்கிற வீட்டுக்குப் பக்கத்தில் நார் விற்கிறவன் குடிவந்த மாதிரி அப்படி ஒரு பொருத்தம். முதல் சிடி அவர்களுக்கு, இரண்டாவது சிடி எங்களுக்கு.

இப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லாப் படமும் இடைவேளைக்குப் பிறகு ஆரம்பிக்கும். படத்தின் பெயர் எப்போதும் நடுவில்தான் வரும். பிளேயர் ஓட ஆரம்பித்ததும் யாரோ ஒருவன் கையில் கட்டோடு மழையில் ஓடுவான், ஒரு பெண் அவனைப் பார்த்ததும் கதவைச் சாத்துவாள், வயதான ஒருவர் "அன்னைக்கே சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொள்வார். என்றைக்கு, என்ன சொன்னார் என்பது நாங்களே கண்டுபிடிக்க வேண்டியது. அம்மாதான் இதில் கெட்டிக்காரி. "இவ அவனோட அத்த மக. இவன் அவள வேணாம்னுட்டு டவுனுக்குப் போயிட்டான். அங்க அடி வாங்கிட்டு வந்திருக்கான்" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவாள். பிறகு முதல் சிடி வரும். அம்மா சொன்னது சரியாக இருந்தால் எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பாள். தப்பாக இருந்தால், "இவனுக்குக் கதை சொல்லத் தெரியலலா" என்று இயக்குநரைத் திட்டுவாள். பெரும்பாலும் அம்மாவின் கதைதான் நன்றாகவும் இருக்கும்.

சிடி மாற்றிக்கொள்ளும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. எங்களுக்கு முடிவு தெரியும், அவர்களுக்கு ஆரம்பம் தெரியும். அக்கா ஒரு கையால் சிடியை நீட்டி, இன்னொரு கையால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். அப்படியும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "அலமாக், அந்தக் கெழவர் செத்துட்டாரா அண்ணி?" என்பார். அம்மா வாயைத் திறக்கவே மாட்டாள். அவள் புருவமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அந்த நாட்களில் உலகம் முழுக்கப் படம் எடுத்தவர்கள் கதையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிறகுதான் தெரியும். ஜொகூரில் ஆண்டெனாவைத் தெற்கே திருப்பினால் சிங்கப்பூர் சேனல் தெளிவாக வரும். எங்கிருந்தோ வந்த படங்களை அதில் போடுவார்கள். ஒரே கொலையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிற படம். நடித்துக்கொண்டிருக்கிறவர் சட்டென்று திரும்பி நம்மிடமே பேசுகிற படம். யாரும் ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு பெண் உருளைக்கிழங்கு சீவுவதையே விடாமல் காட்டுகிற படம். கீழ்மாடிச் சீனக் குடும்பம் கொடுத்த சிடிகளில், கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் ஓடுவார்கள். விளக்கு வெளிச்சம் பச்சையாக வழியும். காதலர்கள் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். தமிழிலும் ஒரு சிலர் துணிந்து பாட்டை எடுத்துவிட்டார்கள், சண்டையை எடுத்துவிட்டார்கள், கதையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பள்ளியில் என் தோழிகள் தலையும் புரியல வாலும் புரியல என்பார்கள். எனக்குப் புரியாமல் போனதே இல்லை. வாரா வாரம் வாலைப் பிடித்துத் தலையைத் தேடிப் பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

அப்படி ஒரு சனிக்கிழமை வந்ததுதான் அந்தப் படம். கடைக்காரர் வேறு எதுவும் இல்லை என்று தலையில் கட்டிவிட்டார். வழக்கம் போல இரண்டாவது சிடியைப் போட்டோம். ஒரு சிறிய ஊர். டைப்ரைட்டிங் கற்றுக்கொடுக்கும் இடம். மழைக்கு ஒதுங்கிய ஒரு பெண் உள்ளே வருகிறாள்... இல்லை, அது கடைசிக் காட்சி, நான் குழப்புகிறேன். எங்கள் வீட்டில் ஓடிய விதமாகவே சொல்கிறேன். அந்தச் சிடியில் முதலில் அந்த ஊர், பாட்டு இல்லாத ஒரு கல்யாணம், வாடகை வீடு, சண்டை, சமாதானம், ஒரு குழந்தை. நிறம் நிறமாக இருக்கும். கேமரா ஓரிடத்தில் நிற்காது. கடைசியில் கொஞ்சம் பின்னால் போய், மழைக்கு ஒதுங்கிய அந்தப் பெண் அவனை முதன்முதலாகப் பார்ப்பதைக் காட்டும். பிறகு முதல் சிடியை மாற்றிப் போட்டோம். நடுவில் படத்தின் பெயர் வந்தது. அதே வீடு, அதே கோணம், ஆனால் நிறமெல்லாம் வெளுத்துப்போய், பேச்சே இல்லாமல். அவனுக்கு நரைத்துவிட்டது. அவள் படுத்துவிட்டாள். அவள் போய்விடுகிறாள். அவன் டைப்ரைட்டர்களை ஒவ்வொன்றாகத் துணி போட்டு மூடுகிறான். அவ்வளவுதான்.

அம்மா மூக்கைச் சிந்தினாள். "இந்தப் படத்த எடுத்தவன் நல்லா இருப்பானா?" என்றாள். அப்பாவோ சமையலறையில் நின்றபடி, "நான் முடிவத்தான மொதல்ல கேட்டேன், என்னாடா இது ஆரம்பத்தப் போட்டு ஏமாத்திட்டானுங்க" என்று கத்தினார். கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அக்கா வேலைக்குக் கிளம்பி, முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்.

"எவ்ளோ நல்ல படம்லா அண்ணி! கடைசில மழையில வந்து நிக்கிறா பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு."

"கடைசிலயா? கடைசில அவதான் செத்துட்டாளே!"

"யாரு செத்தா? அது அவனோட அம்மா வேஷம், அண்ணி. மொத பாதி அப்பா கதை, ரெண்டாவது பாதி மகன் கதை. ரெட்டை வேடம்!"

விடிய விடிய ராமாயணம் கேட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா என்ற கதைதான். அக்காவுக்கு அதற்குமேல் பேச நேரமில்லை, பஸ் ஹாரன் அடித்துவிட்டது. நடைபாதையில் அப்பா தீர்ப்புச் சொன்னார். கடைக்காரர் இந்த முறை லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார். அதனால்தான் எங்களுக்கு நேராக வந்தது, எதிர்வீட்டுக்குத் தலைகீழாகப் போனது. "அப்ப பேரு ஏன்ப்பா நடுவுல வந்துச்சு?" என்று கேட்டேன். "இப்பல்லாம் அப்பிடித்தான் பாப்பா. நடுவுலதான் போடுறானுங்க. ஸ்டைலு" என்றார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் படத்தின் பேச்சே கிடையாது. அம்மா அந்தக் கடையில் கொஞ்ச நாள் படமே எடுக்கவில்லை.

எத்தனையோ வருடம் ஓடிப்போனது. நாங்கள் அந்த அடுக்குமாடியை விட்டு மாசாயிலேயே ஒரு தரை வீட்டுக்கு வந்தோம். அக்காவும் இரண்டு தெரு தள்ளி வந்துவிட்டார். நான் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குப் போகிறேன். தெப்ராவில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு மதியம் கூடிப் பழைய படம் பார்க்கிற ஒரு குழுவிலும் இருக்கிறேன். குழுவை நடத்துகிறவர் ஒரு வக்கீல். படம் போடுவதற்கு முன் எழுந்து நின்று பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ஒரு நாள் அவர் அந்த டைப்ரைட்டர் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தமிழில் காலத்தை உடைத்துச் சொன்ன முக்கியமான முயற்சி, பார்வையாளனைச் சவாலுக்கு அழைக்கும் வடிவம் என்றெல்லாம் அடுக்கினார்.

"அது ரொம்ப நேரான கதையாச்சே சார்" என்றேன் நான்.

"நீங்க வேற ஏதோ படத்தச் சொல்றீங்க" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே தேடிப் பிடித்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். படத்தின் பெயர் ஆரம்பத்திலேயே வந்தது. நரைத்த மனிதன் வந்தான், வெளுத்த வீடு வந்தது, அவள் படுத்திருந்தாள். கடைக்காரர் எந்த லேபிளையும் மாற்றி ஒட்டவில்லை! இயக்குநர்தான் பிந்திய பாதியை முன்னால் வைத்திருக்கிறார். நாங்கள் வழக்கம் போல மாற்றிப் பார்த்ததில் கதை நேராகிவிட்டது. மாசாயிலேயே, ஏன், மலேசியாவிலேயே அந்தப் படத்தை நேர்கோட்டில் பார்த்தது எங்கள் குடும்பம் மட்டுமாகத்தான் இருக்கும். விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு கடைசிக் காட்சி வந்தது. மழை. ஈரச் செருப்போடு ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். அவள் எப்படிச் சாவாள் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் அவள் தலையைத் துவட்டுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சாவு பின்னால் போய்விட்டது, நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் அவள் வந்துகொண்டே இருப்பாள். அப்போது அம்மா போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான் அழுதேன், ஆனால் மருத்துவமனையில் அழுத அழுகை இல்லை அது. இதை அப்பா பார்க்க வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தேன். முடிவை முதலில் கேட்கிற மனிதருக்காகவே ஒருவர் எடுத்து வைத்திருக்கிற படம்.

வக்கீலிடம் சொல்லி அந்த மாதமே அதைப் போட வைத்தேன். அப்பாவை வீட்டைவிட்டு நகர்த்துவதுதான் பெரும்பாடு. எதிர்வீட்டு அக்காவைத் தூது விட்டேன். அவர் ஞாயிறு பூசை முடிந்து, தேவாலயத்துக்குக் கட்டின சேலையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, எனக்குத் தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. அந்தக் கடையில மீன் தலக் கறி நல்லா இருக்காம். வாங்க" என்றார். பொய்தான். அக்கா தனியாக வேளாங்கண்ணிக்கே போய்வந்தவர். படத்துக்கு மசியாத அப்பா மீன் தலைக்கு மசிந்தார்.

போகிற வழியில், தெப்ராவ் சடக்கில் கார் நெரிசலில் நின்றபோது, அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "படமும் போடுவாங்களா?"

"போடுவாங்கப்பா."

"கடைசில என்னா ஆகுது?" என்றார்.

"கடைசில ரெண்டு பேரும் மொதத் தடவையாப் பாத்துக்கிறாங்க."

"கடைசிலயா? அப்ப அதுவரைக்கும் என்னா பண்ணிக்கிட்டு இருந்தானுங்க?"

பின் சீட்டில் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தே எவ்வளவு நாளாயிற்று! எனக்குச் சந்தோஷத்தில் சிக்னல் மாறினதே தெரியவில்லை.

மேல்மாடியில் இருபது நாற்காலி, வெள்ளைத் துணித் திரை, கீழேயிருந்து ஏறி வருகிற கறி வாசனை. வக்கீல் உரையாற்றி முடித்தார். படம் ஆரம்பித்தது. நரைத்த தலையைப் பார்த்ததுமே அப்பா எழுந்துவிட்டார்.

"சார்! சிடி மாத்திப் போட்டுட்டீங்க. இது ரெண்டாவது."

வக்கீல் படத்தை நிறுத்தினார். "சிடி இல்லைங்கய்யா, இது ஒரே ஃபைல்."

"நான் இந்தப் படம் பாத்திருக்கேன்லா. இதுக்கு முன்னாடி கலரா வரும். கல்யாணம் ஆவும், புள்ள பொறக்கும். இது பின்னாடி. எனக்குத் தெரியாதா?"

நாற்காலிகளில் சிரிப்பு. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் அப்பாவின் காதருகே குனிந்து, "இதாம்ப்பா சரியான வரிசை. அன்னிக்கு நாமதான் எப்பவும் போல மாத்திப் பாத்துட்டோம். கடைக்காரர் மேல தப்பு இல்ல" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அன்று நடைபாதையில் அந்தக் கடைக்காரர் மேல் பழி போட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "பாவம்லா அந்த ஆளு" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

ஆனால் அந்த முன்பாதி அவருக்கு எளிதாக இல்லை. எனக்கும் இல்லை. கட்டில் வந்தது. அவள் தலையைச் சாய்த்தாள். இயக்குநர் இரக்கமே இல்லாதவர், கேமராவை அசைக்கவே மாட்டார். அந்தக் கட்டிலையே காட்டிக்கொண்டிருப்பார். அப்பா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். வீட்டோடு இருந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்து, மறக்க முடியாமல் தவிக்கிறதையே திரும்பவும் கண்முன்னால் காட்டிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் பின்னால் போகவும் தயக்கம், போகாமல் இருக்கவும் முடியவில்லை. மாடிப்படிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சிருச்சா?"

அக்காதான், குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல், உரக்கச் சொன்னார்: "இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே, வாங்க!"

வந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் திரையில் நிறம் வந்தது. அந்த ஊர், அந்தக் கல்யாணம். கேமரா துள்ளிக்கொண்டு ஓடியது. புதுப்பெண் சோற்றைக் குழைய விட்டுவிட்டு, அரிசியின் மேல் பழி போட்டாள். அப்பா மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்புத்தான். வாடகை வீட்டில் அவர்கள் ஒரு மின்விசிறிக்காகச் சண்டை போட்டபோது வாய்விட்டே சிரித்தார். நான் திரையைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வந்து, அவள் வாசலில் நின்று தலையைத் துவட்டியபோது, அப்பா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். விளக்குப் போட்டார்கள். வக்கீல், "வடிவத்தைப் பற்றி யாராவது கருத்துச் சொல்லலாம்" என்றார். அக்கா கை தூக்கினார். "ரெட்டை வேடம் இல்லையா அப்ப?" என்றார். அன்றைய கலந்துரையாடல் அத்தோடு கலைந்தது.

கீழே இறங்கி மீன் தலைக்கறி சாப்பிட்டோம். தே தாரிக் டீ வந்தது. அப்பா அதை ஆற்றிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

"உங்கம்மாவ நான் மொதல்ல பாத்தது பஸ்ஸுல."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "பஸ்ஸுலயா? சித்தப்பா கொண்டாந்த சம்பந்தம்னுதான சொன்னீங்க?"

"அது ஊருக்குச் சொன்ன கதை பாப்பா."

துறைமுகத்துக்குப் போவதற்கு முன் அப்பா ஒரு பலகை ஆலையில் வேலை செய்திருக்கிறார். அம்மாவும் அங்கேதான். காலை ஷிஃப்ட் பஸ்ஸில் முன்வரிசை பெண்களுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அதுதான் நடைமுறை. முதலில் ஏறுகிறவர்கள் வழியில் ஏறப்போகிற தோழிகளுக்காகச் சாப்பாட்டு டப்பாவை வைத்து இடம் போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்பா ஒரு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். டப்பா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுடையது.

"எழுந்திருங்கன்னு சொன்னா. நான் தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன். சும்மா விடுவாளா? நேராப் போயி டிரைவருகிட்ட, பாக்சிக், இந்த ஆளு எழுந்திருக்கிற வரைக்கும் பஸ்ஸ எடுக்காதீங்கன்னுட்டா. அந்த மலாய்க்காரப் பெரியவரும் இஞ்சின நிப்பாட்டிட்டு, கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டாரு. பஸ்ஸே என்னப் பாக்குது. எழுந்தேன். பாசிர் கூடாங் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போனேன்."

"நல்லா வேணும்" என்றார் அக்கா.

"மறுநாளு பின்னாடி எடம் காலியா இருந்துச்சு. ஆனா நின்னேன். அதுக்கு மறுநாளும் நின்னேன். அவ எதுக்க நின்னாத்தான அவ மொகம் தெரியும்?"

அக்கா மேசையைத் தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கடைசியில் அம்மாவே ஒரு நாள் டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஒக்காருங்க, ஒங்களப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்றாளாம். அதற்குப் பிறகுதான் அப்பா தன் சித்தப்பாவைப் பிடித்து, தானாகக் கண்டுபிடித்த சம்பந்தம் போலப் பேச வைத்திருக்கிறார். பெண் பார்க்கப் போன அன்று இருவருமே முன்பின் பார்க்காதவர்கள் போல நடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் பிறந்து இத்தனை வருடத்தில் இதில் ஒரு வரிகூட என் காதில் விழுந்ததில்லை. அம்மா புருவத்தை எப்படித்தான் அடக்கி வைத்திருந்தாளோ.

"நடிச்சீங்களா?" என்றேன்.

"எங்க? பெரியவங்க எல்லாம் பாயில ஒக்காந்திருக்காங்க. நானும் ஒக்காந்திருக்கேன். உங்கம்மா காப்பித் தட்ட எடுத்துக்கிட்டு உள்ளேருந்து வாரா. அவளப் பாத்ததும்..." அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "பழக்கம் பாரு. நான் மட்டும் டக்குனு எழுந்து நின்னுட்டேன்."

எழுந்து நின்றே காட்டினார். கை இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, பஸ்ஸில் பிடித்து எழுப்பிவிட்ட வாலிபன் போல. பரிமாறுகிறவர் கறிச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்குறா, அடக்குறா, தட்டு ஆடுது. எங்கப்பா சட்டையெல்லாம் காப்பி." அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அம்மாவின் சிரிப்பே காதில் கேட்டது, கீழ்மாடி நாயோடு சேர்த்து.

எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். "சரிப்பா, ஒக்காருங்க."

"இரு பாப்பா" என்றார் அப்பா, கடையின் உள்வாசலையே பார்த்தபடி. "அவ இன்னும் தட்டக் கீழ வைக்கல."